மிஸ் டன்லப் வந்தால் சொல்ல வேண்டியதும் வேண்டாததும்

எஸ்பனோலா,
அக்டோபர் 9, புதன்கிழமை

அன்புள்ள தம்பி ஒர்லாண்டோவுக்கு,

உன் அண்ணன் எலோய் எழுதிக்கொள்வது. நானும் பெர்னடெட்டும் மகள் ஜனெலும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத இன்னும் சில கையெழுத்துகள் பாக்கி. நீயும் உன் முதுகுவலியும் உன் காரும் அங்கே புவெப்லோவில் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். காரை விசாரிக்கிறானே என்று நினைக்காதே, அதற்குத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ சிரிப்பாய். காகிதத்தைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான். மலைமேல் இருக்கும் அரசாங்க அணுகுண்டு ஆய்வுக்கூடத்தில் எனக்கு பைப் ஃபிட்டர் வேலை கிடைத்திருக்கிறது. கிடைத்திருக்கிறது என்றால், பாதுகாப்பு அனுமதி வந்தால் கிடைக்கும், வராவிட்டால் கிடைக்காது. வீட்டிலிருந்து முப்பத்தைந்து நிமிடம். பதினோரு வருடமாக நான் ஹாப்ஸ் எண்ணெய் வயலுக்குத் திங்கள் விடியும் முன்னே ஐந்தரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், வெள்ளி இரவு அதே ரோட்டில் திரும்பி வருகிறவன் என்பது உனக்குத் தெரியும். போனபோது ஜனெலுக்கு ஐந்து வயது, இப்போது பதினாறு. அவள் பல் விழுந்ததையும் பல் முளைத்ததையும் நான் போனில்தான் பார்த்தேன். எனக்கு ஐம்பத்து மூன்று ஆகிறது. செவ்வாய்க்கிழமை ராத்திரி என் வீட்டு மேஜையில், என் தட்டில், சூடாகச் சாப்பிட வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இல்லை தம்பி. அந்தத் தட்டு இப்போது மிஸ் டன்லப் என்கிற அம்மாளின் கையில் இருக்கிறது.

அந்த அம்மாள் விசாரணை அதிகாரி. மினசோட்டாக்காரி. காபி குடிக்க மாட்டாள், பெர்னடெட் சுருட்டிக் கொடுத்த பரீட்டோ ரொட்டியைத் தொட மாட்டாள், தண்ணீர்கூட வீட்டிலிருந்தே கொண்டுவருவாள். சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு முன்னால் நான் நிரப்பிய படிவம் நூற்று முப்பது பக்கம். நான் செத்தால் பிரேதப் பரிசோதனைக்குக்கூட அத்தனை பக்கம் ஆகாது. அதில் ஒரு இடத்தில், கடந்த ஏழு வருடத்தில் போதைப்பொருள் எதையாவது எந்த வகையிலாவது உபயோகித்ததுண்டா என்று கேட்டிருந்தது. எந்த வகையிலாவது என்று போட்டிருந்ததால் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். வருடா வருடம் பெரிய வெள்ளிக்கு நான் சிமாயோ கோயிலுக்குப் பத்து மைல் நடக்கிறேனா, நடந்துவிட்டு வந்தால் முழங்கால் இரண்டும் பூசணிக்காய் ஆகிறதா, நம் கிளியோபாஸ் அத்தை சாமி சிலைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் ஜாடியை எடுத்து, கஞ்சா ஊறிய அந்த ஸ்பிரிட்டை மூன்று நாள் தேய்த்துவிடுகிறாளா. இந்தப் பள்ளத்தாக்கில் யார் வீட்டில் அந்த ஜாடி இல்லை? ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. நாற்பத்திரண்டு தடவை என்று எழுதினேன்.

"நாப்பத்திரண்டு தடவையா?" என்றாள் மிஸ் டன்லப்.

"ஆமாங்க. ஏழு வருஷம், வருஷத்துக்கு மூணு நாள்."

"இருபத்தொண்ணுதானே வருது?"

"முழங்கால் ரெண்டு இருக்குதுங்களே."

பேனாவைக் கீழே வைத்தாள். "மிஸ்டர் அர்ச்சுலேட்டா, முழங்காலை எண்ண வேண்டாம். நாளை எண்ணினாப் போதும்."

மாநிலத்தில்தான் அதைச் சட்டப்படி ஆக்கிவிட்டார்களே, கடைவீதியில் ரொட்டிக்கடைக்குப் பக்கத்திலேயே விற்கிறார்களே என்று கேட்டேன். "இந்த மாநிலத்துல குத்தமில்ல. நாட்டுச் சட்டத்துல குத்தம்தான். நீங்க கேக்கறது நாட்டோட வேலை" என்றாள். அப்படியானால் நான் மாநிலத்தில் நின்றுகொண்டு நாட்டுக்கு விரோதமாக முழங்காலைத் தேய்த்திருக்கிறேன். ஜாடி யாருடையது என்று அடுத்த கேள்வி. அறுபது வருடம் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியவளின் பெயரை, அரசாங்கத் தாளில், 'கொடுத்தவர்' என்ற கட்டத்தில் என் கையாலேயே எழுதினேன். அன்றிலிருந்து அத்தை என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. நான் பக்கத்திலேயே நின்றாலும், "அவனுக்கு உப்பு வேணுமான்னு கேளு" என்று பெர்னடெட்டிடம் கேட்கிறாள்.

அதோடு விட்டதா? மிஸ் டன்லப் அத்தையைப் பார்க்கப் போனாள். நான் வாசலில் வண்டியில் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் கேட்டது.

"இப்படி வா மகளே. நொண்டுறியே, எந்தக் காலு?"

"நான் நொண்டலைங்க, மேடம்."

"நொண்டுறே. எனக்குத் தெரியாதா? உக்காரு, காலை நீட்டு."

ஜாடி மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் மிஸ் டன்லப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டாள். அத்தை விடவில்லை. "போய் உங்க ஆபீஸ்ல சொல்லு! நாப்பது வருஷமா மலைமேல வேலைக்குப் போறவங்க பாதிப் பேரு என் ஜாடியாலதான் நடந்து போறாங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். மிஸ் டன்லப் நின்றாள். திரும்பி உள்ளே போய், "யார் யாருன்னு பேர் சொல்ல முடியுங்களா?" என்று கேட்டாள். "பேரா? அப்போ காபி போடுறேன் இரு, கொஞ்சம் நேரம் ஆகும்" என்றாள் அத்தை. அதற்கப்புறம் இந்த ஊரில் என்னோடு பேசுகிறவர்கள் பாதிரியாரும் நாயும்தான். பாதிரியாருக்கும் முழங்கால் வலி உண்டு, அதனால் அவரும் சுருக்கமாகத்தான் பேசுகிறார்.

இனிமேல் தேய்ப்பீர்களா என்று மிஸ் டன்லப் என்னைக் கேட்டாள். பெரிய வெள்ளி வருடா வருடம் வருகிறதே என்றேன். அவள் ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினாள். தேய்க்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இனி உன் பங்கு. நாலு வருடம் முன்னால், உன் மனைவி உன்னை விட்டுப் போன வாரம், நான் புவெப்லோ வந்து உன் வராந்தாவில் உட்கார்ந்து, நீ நீட்டினாய் என்பதற்காக இரண்டு இழுப்பு இழுத்தேன். நீ அழுதாய், நான் இருமினேன். அதையும் படிவத்தில் எழுதியிருக்கிறேன்: இரண்டு இழுப்பு. மிஸ் டன்லப் உன்னைக் கேட்டால் இரண்டுதான் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டுதான். சிரிப்பு மூட்டலாம் என்று, நான் ரயில் இன்ஜின் மாதிரி புகை விட்டேன் என்கிற உன் கதையை எடுத்துவிடாதே. அவள் அதை அப்படியே எழுதிக்கொள்வாள்.

அடுத்தது கடன். உன் அறுபத்து நாலாம் வருட இம்பாலா காருக்குச் சிவப்புப் பெயிண்டும், ஸ்விட்ச்சைத் தட்டினால் முன்சக்கரம் குதிக்கிற பம்புகளும், இன்ஜின் மூடியில் குவாடலூப்பே மாதா படமும் போட நீ வாங்கிய கடனில், உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் இருப்பதால்தான் அந்த அம்மாள் உன்னைத் தேடி வரப்போகிறாள். நீ இரண்டு தவணை கட்டிவிட்டுக் காரோடு கொலராடோ போனாய். வசூல்காரர்கள் என்னிடம் வந்தார்கள். வட்டியோடு பதினாலாயிரத்து நானூறு டாலர். மாதம் முந்நூறு வீதம் நாற்பத்தெட்டு மாதம் கட்டி, போன பிப்ரவரியில் முடித்தேன். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. குறை சொல்லவும் தெம்பு வேண்டும்.

"ஏன் ஜாமீன் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"சித்தப்பா மகனுங்க."

"அது உறவு. நான் காரணத்தைக் கேக்கறேன்."

"அதாங்க காரணம்."

அதற்கு அரைப் பக்கம் எழுதினாள். காபி டப்பாவில் வைத்திருந்த நாற்பத்தெட்டு ரசீதையும் மேஜைமேல் கொட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள். இந்த ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான், கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் அவளே விளக்கினாள். முடிவு செய்வது அவள் இல்லையாம், அவள் எழுதி அனுப்புகிறவள்தானாம். ஆனால் பழைய கடன் என்பதற்காக மட்டும் யாரையும் தள்ளிவிடுவதில்லையாம். ஏன் வந்தது, வந்த பிறகு ஆள் என்ன செய்தான் என்றுதான் பார்ப்பார்களாம். விட்டுவிட்ட கஞ்சாவுக்கும் அப்படித்தானாம். "ஒளிச்சு வெச்சாத்தாங்க பிரச்சினை. நீங்க எதை ஒளிக்கறீங்களோ அதை வெச்சு இன்னொருத்தன் உங்களை மிரட்டலாம்" என்றாள்.

நான் பைப் ஃபிட்டர், என்னை மிரட்டினால் தண்ணீர் எந்தக் குழாயில் போகிறது என்றுதான் தெரியும் என்றேன். அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"இந்தக் கடன் உங்க மனைவிக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

ஒர்லாண்டோ, தெரியாது. நூற்று முப்பது பக்கம் உண்மை எழுதினேன், அத்தையைக் காட்டிக் கொடுத்தேன், முழங்காலை இரண்டு தடவை எண்ணினேன், கடைசியில் ஒரே ஒரு சொல் பொய் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அந்தக் காருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது என்று பெர்னடெட் என்னிடம் சத்தியம் வாங்கினாள். வாங்கியது வெள்ளிக்கிழமை. நான் கையெழுத்துப் போட்டது அதற்கு முந்தின சனிக்கிழமையே. அப்புறம் அந்த முந்நூறுக்காக மாதம் ஒரு சனி ஞாயிறு வீட்டுக்கு வராமல் ஹாப்ஸிலேயே கூடுதல் வேலை பார்த்தேன். வயலில் பம்ப் ரிப்பேர் என்று அவளிடம் சொன்னேன். நாலு வருடம் ஒரே பம்ப் உடைந்துகொண்டிருந்தது. ஒரு தடவைகூட அவள் அந்தப் பம்பைப் பற்றிக் கேட்டதில்லை, என்மேல் அவ்வளவு நம்பிக்கை. எந்த நாட்டு ஒற்றனாவது வந்து, பெர்னடெட்டிடம் சொல்லிவிடுவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மலைமேல் இருக்கிற மொத்தக் குழாய்க்கும் படம் போட்டுக் கொடுத்துவிடுவேன். அந்த அம்மாள் பயப்படுவது நியாயம்தான்.

போன மாதம் பெர்னடெட்டையும் தனியாகப் பார்த்துப் பேசினாள். என்ன கேட்டாள் என்று விசாரித்தேன். "குடிப்பாரான்னு கேட்டாங்க. குறட்டை விடுவாருன்னு சொன்னேன்" என்றாள் பெர்னடெட். எனக்கு உயிர் வந்தது. இந்த விசாரணைக்காக இந்த வாரம் ஹாப்ஸுக்குப் போகாமல் லீவு போட்டிருக்கிறேன், நேற்று மிஸ் டன்லப் மறுபடி என்னிடம் வந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறாள்.

"ஹாப்ஸ்ல உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இருக்காங்களா?"

"டார்லீன் இருக்காங்க."

"யாரு அவங்க?"

"காலைச் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காங்க. எனக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலா வைப்பாங்க."

"உங்களுக்கு மட்டுமா?"

"அந்த நேரத்துல சிரிச்சுக்கிட்டு வர்றவன் நான் ஒருத்தன்தானாம்."

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷமா."

"இது உங்க மனைவிக்குத் தெரியுமா?"

"முட்டை விஷயத்தை எல்லாம் வீட்டுல எதுக்குங்க சொல்றது?"

இரண்டு பக்கம் எழுதினாள் தம்பி. ஒரு முட்டைக்கு இரண்டு பக்கம். கொழுப்புக் கணக்கையும் அரசாங்கம் எடுக்கிறதோ என்னவோ.

ஆகையால் நீ செய்ய வேண்டியது. அவள் அடுத்த வாரம் புவெப்லோ வருகிறாள். சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைத் திற. காரை அவள் முன்னால் குதிக்க வைக்காதே. கேட்டதற்குப் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே. கடனைப் பற்றி ரொம்ப விரிக்காதே, கட்டி முடிந்தது என்று மட்டும் சொல். பெர்னடெட்டுக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்று சொல்லிவிடு. பொய்யாகாது, அதற்குள் நானே அவளிடம் சொல்லிவிடுவேன். மூன்று தடவை சொல்லப் போனேன். ஒரு தடவை மிளகாய் அரிந்துகொண்டிருந்தாள், கையில் கத்தி. ஒரு தடவை ஜெபமாலை, நடுவில் பேசக் கூடாது. மூன்றாவது தடவை என்னைப் பார்த்து, "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்படித் தொட்ட பிறகு எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது, நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை பெர்னடெட் அரைத்த மிளகாய்த்தூள் பைக்கு அடியில் வைத்து, பார்சலை நானே கட்டி வைத்திருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போடு. பதில் எழுதாதே, எழுதினால் கார் நன்றாக ஓடுகிறது என்று மட்டும் எழுது, எனக்குப் புரியும்.

உன் முதுகு நிமிரவும், உனக்கு நல்ல புத்தி வரவும், எனக்கு அனுமதி வரவும் சிமாயோ ஆண்டவரை வேண்டுகிறேன். அத்தை உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், எனக்குச் சொல்லவில்லை. பெர்னடெட்டும் ஜனெலும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள்.

களைத்துப்போன உன் அண்ணன்,
எலோய் அர்ச்சுலேட்டா

பின்குறிப்பு:

ஒர்லாண்டோ, இது உன் அண்ணி பெர்னடெட். உன் அண்ணன் கட்டிய கட்டு தெருமுனைவரைகூட நிற்காது என்று பார்சலைப் பிரித்துக் கட்ட எடுத்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு. ஆற அமர இரண்டு தடவை படித்தேன்.

அந்தப் பம்பைப் பற்றி நான் ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை தெரியுமா? பதில் தெரிந்துவிடுமோ என்று பயம். மாதம் ஒரு சனி ஞாயிறு, நாலு வருடம், பெயர் சொல்ல முடியாத ஒரு பம்ப். ஹாப்ஸில் ஒரு பெண் இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். பிப்ரவரியிலிருந்து எல்லா வாரமும் வீட்டுக்கு வர ஆரம்பித்ததும், அவள் துரத்திவிட்டாள் போல என்று நினைத்து, நன்றிக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

போன மாதம் மிஸ் டன்லப் என்னைக் கேட்டாள், வீட்டில் பணப் பிரச்சினை ஏதாவது உண்டா என்று. இல்லவே இல்லை, கடனே கிடையாது என்றேன். ஆகையால் உன் அண்ணன் சொன்ன பொய் அன்றைக்கே அந்த அம்மாளுக்குத் தெரியும், சொன்னவருக்குத்தான் தெரியாது. அப்புறம், இவரை யாராவது மிரட்ட முடியுமா, ஏதாவது மறைக்கிறாரா என்று கேட்டாள். உண்மை சொல்ல வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். ஹாப்ஸில் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இப்போது உனக்குத் தெரிகிறதா, முட்டைக்கு ஏன் இரண்டு பக்கம் என்று?

படித்து முடித்துக் கொல்லைக்குப் போனேன். உன் அண்ணன் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பம்ப் சரியாயிடுச்சா?" என்று கேட்டேன். "எந்தப் பம்ப்?" என்றார். கடிதத்தைக் காட்டினேன். மிளகாய்க் கூடைமேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அடித்தேன், அழுதேன், மறுபடி அடித்தேன். அடித்தது பொய்ச் சத்தியத்துக்கு. அழுதது சந்தோஷத்தில், அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் மிஸ் டன்லப்பைப் பார்க்கப் போகிறோம். அவர் 'தெரியும்' என்றதைத் திருத்த வேண்டும், நான் 'ஒருத்தி இருக்கிறாள்' என்றதைத் திருத்த வேண்டும். இந்தக் கடிதத்தை நகலெடுத்து அவளிடமே கொடுக்கப் போகிறேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, தெரியாது. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடி ஹாப்ஸ்தான், அந்த நினைப்பே எனக்குத் தாங்கவில்லை. ஆனால் இனி எந்த ஒற்றன் வந்தாலும் முதலில் என்னிடம்தான் பேச வேண்டும்.

அதனால் அவர் சொல்லாதே என்றதை எல்லாம் நீ சொல். எத்தனை தவணை கட்டாமல் போனாய், எந்தத் தேதியில் ஓடிப்போனாய், அவர் எதற்குக் கையெழுத்துப் போட்டார், ஒன்று விடாமல் சொல். இரண்டு இழுப்பையும் சொல். என் புருஷன் அந்தச் சனி ஞாயிறெல்லாம் காருக்காகத்தான் போனார் என்பதற்கு உன்னை விட்டால் வேறு சாட்சி இல்லை. முடிந்தால் அந்த அம்மாள் முன்னால் காரைக் குதிக்க வைத்தே காட்டு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இங்கே ஓட்டிக்கொண்டு வா. நாலு வருடம் என் புருஷனை என்னிடமிருந்து பிரித்து வைத்தவளை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.